அம்பாரித் துப்பாக்கியும் கரடிக்கான தோட்டாவும்



அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் விடுமுறை கிடைத்தால் யெல்லோஸ்டோன், அலாஸ்கா என்று கிளம்பிவிடுகிறார்கள். "கரடி வந்தால் எந்தக் கைத்துப்பாக்கி, எந்தத் தோட்டா நல்லது சார்?" என்று மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தான் வரும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1805 மே மாதம். லூயிஸ், கிளார்க் ஆகியோரின் பயணக் குழு மிசௌரி ஆற்றின் வழியே மேற்கே போகிறது. வழியில் ஒரு கிரிஸ்லி கரடியைச் சுடுகிறார்கள். பத்துக் குண்டுகள் பாய்கின்றன. அவற்றில் ஐந்து நுரையீரலைத் துளைத்தவை. அப்படியும் அது ஆற்றில் பாதிக்கு மேல் நீந்தி, மணல்திட்டில் ஏறி, இருபது நிமிடம் கழித்துத்தான் உயிரை விட்டது. இதை அவர்களே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். குண்டு பட்டுவிட்டால் விலங்கு நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. இது முதல் பாடம்.

அதே நூற்றாண்டில் நம் நாட்டில் வெள்ளைக்காரத் துரைமார் யானைமேல் அம்பாரியில் அமர்ந்து புலி வேட்டைக்குப் போனார்கள். அடிபட்ட புலி யானைமேல் பாய்ந்து ஏறினால் நீளத் துப்பாக்கியைத் திருப்ப இடம் இருக்காது. அதற்காகவே இரட்டைக் குழல், சிலவற்றில் நான்கு குழல் வைத்த கைத்துப்பாக்கி வந்தது. அம்பாரியின் ஆங்கிலப் பெயரான 'ஹௌடா' என்பதைச் சேர்த்து 'ஹௌடா பிஸ்டல்' என்றே அதை அழைத்தார்கள். பெரிய, கனமான குண்டு; கை எட்டும் தூரத்தில் கடைசி நொடிக்கு மட்டுமே அது.

1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில், உடம்பில் பட்டதும் முனை விரியும் குண்டு செய்தார்கள். காயம் மிகக் கொடூரமாக இருந்ததால், 1899 ஹேக் மாநாட்டில் போரில் இதைப் பயன்படுத்தத் தடை வந்தது. ஆனால் விரியும் குண்டு அதிக ஆழம் போகாது. கரடிக்கோ தடித்த தோல், கொழுப்பு, தசை, கனத்த எலும்பு. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு வேகமும் குறைவு. விரிந்தால் உள்ளுறுப்பை எட்டாமலே நின்றுவிடக்கூடும். அதனால்தான் கரடிக் காட்டில் வாழ்கிறவர்கள் எளிதில் விரியாத, கடினமாக வார்த்த கனமான ஈயக் குண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

1935இல் .357 மாக்னம் தோட்டா வந்தது. எல்மர் கீத் என்ற எழுத்தாளர் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பலனாக 1955இல் .44 மாக்னம் வந்தது. அதன் வழக்கமான குண்டு ஏறத்தாழ 15 கிராம். சாதாரண 9 மி.மீ. குண்டைப் போல இரு மடங்கு. ஆனால் சுடும்போது கை எகிறும். மறுபடி குறிவைக்க நேரமாகும். கிரிஸ்லி கரடி 30 மீட்டர் தூரத்தை இரண்டே வினாடியில் கடந்துவிடும். கை தாங்காத தோட்டா எவ்வளவு பெரியதாக இருந்தும் பயனில்லை.

2012இல் வெளியான ஓர் ஆய்வு, 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் கரடிகளிடம் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சிக்கிய 269 நிகழ்வுகளைப் பார்த்தது. கைத்துப்பாக்கி 84 விழுக்காடு பலன் தந்தது. ஆனால் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் ஏற்பட்ட காயங்களில் பெரிய வேறுபாடு இல்லை. 2008இல் வந்த ஆய்வின்படி, கரடி மீது அடிக்கும் தெளிப்பான் பழுப்புக் கரடிகளிடம் 92 விழுக்காடு பலித்தது. அதில் இருப்பது என்ன தெரியுமா? நம் அடுப்படி மிளகாயின் காரம்தான்! மேகம்போல் பரவுவதால் நூல் பிடித்தாற்போல் குறிவைக்கத் தேவையில்லை.

பிள்ளைகளே, இதையும் கேளுங்கள். வேலை விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். தெளிப்பானை விமானத்தில் எடுத்துப்போக முடியாது. அங்கே போய் வாங்குங்கள். பைக்குள் போடாமல் இடுப்பில் மாட்டுங்கள். யெல்லோஸ்டோனில் கரடிக்கு 91 மீட்டருக்குள் போகக் கூடாது என்பது விதி. படம் எடுக்கும் ஆசையில் குழந்தைகளோடு அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். 220 ஆண்டுச் சரித்திரத்தில் அந்த இடைவெளியைவிட நல்ல தோட்டாவை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்