நையாண்டி இதழியல்: நெல்லைச் சீமையின் பங்கு

நாட்டு நடப்பைக் கேலியும் சித்திரமும் கலந்து செய்தியாகவும் விமர்சனமாகவும் தரும் இதழ்முறை நையாண்டி இதழியல். 1841இல் லண்டனில் தொடங்கிய 'பஞ்ச்' வார இதழ் பல நாடுகளில் இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. தமிழில் இதை அரசியல் ஆயுதமாக்கியவர் எட்டயபுரத்தில் பிறந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த சுப்பிரமணிய பாரதியார்.

1906 மே மாதம் சென்னையில் 'இந்தியா' வார இதழ் தொடங்கியது. சட்டப்படி ஆசிரியர் மு. சீனிவாசன். எழுத்தும் நோக்கும் பாரதியுடையவை. இதழில் வந்த கேலிச்சித்திரங்களைப் பொறுத்தவரை, பாரதி ஓவியரல்லர், கருத்து அவருடையது, வரைந்தது பிறர் கை. படத்தின் கீழே அதன் பொருளை விரித்துச் சொல்லும் குறிப்பு இருக்கும். கேலிச்சித்திரம் பார்த்துப் பழகாத வாசகருக்கு அது அவசியம் என்பதைப் பாரதி உணர்ந்திருந்தார். அந்நிய ஆட்சியாளரையும், மனுப் போட்டே சுதந்திரம் வாங்கிவிடலாம் என்று நம்பிய மிதவாதிகளையும் அவர் ஒரே கூர்மையுடன் சாடினார். சொந்த நாட்டுத் தலைவர்களையும் விட்டுவைக்காத இந்த நேர்மைதான் 'இந்தியா'வின் சிறப்பு.

அந்த ஆண்டுகளில் நெல்லைச் சீமையின் தாமிரபரணி ஆற்றங்கரை கொதித்துக்கொண்டிருந்தது. ஒட்டப்பிடாரத்து வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். 1908 மார்ச் 12இல் அவரும் விடுதலைப் போராட்டத் தோழர் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. நகராட்சி அலுவலகமும் அஞ்சல் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். வ.உ.சி.யின் தோழரான பாரதிக்கு இது எங்கோ நடந்த செய்தியல்ல, சொந்தச் சீமையின் துயரம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு 'இந்தியா' மீது பாய்ந்தது. சீனிவாசனுக்கு ஐந்தாண்டுச் சிறை. பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அக்டோபர் முதல் இதழ் அங்கிருந்து வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழைய முடியாதபடி அரசு தடுத்ததும் வாசகர் தொடர்பு அறுந்து, 1910 மார்ச்சில் நின்றது. கேலிச்சித்திரங்களுக்கென்றே 'சித்திராவளி' என்ற இதழை நடத்தப் பாரதி திட்டமிட்டிருந்தார், அது வெளிவரவில்லை. வந்திருந்தால் தமிழ் இதழியலின் போக்கே மாறியிருக்கக்கூடும். 'இந்தியா'வின் சித்திரங்களைத் தேடித் தொகுத்து 1990களில் நூலாக்கிய வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்.

அடுத்த தலைமுறையில், நெல்லையில் படித்து வளர்ந்த எழுத்தாளர் புதுமைப்பித்தன் 'வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை' என்ற புனைபெயரில் இலக்கிய உலகைக் கிண்டல் செய்து கவிதைகள் எழுதினார். 1926இல் பிறந்து 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த 'ஆனந்த விகடன்', ஓவியர் மாலியின் கோடுகளால் சிரிப்பை வீட்டுக்குள் கொண்டுசேர்த்தது. சோ ராமசாமியின் அரசியல் நையாண்டி இதழான 'துக்ளக்' 1970 ஜனவரியில் வந்தது.

தாமிரபரணிப் பக்கம் மறுபடி இவ்வரலாற்றில் இடம்பெறுவது 1987இல், இம்முறை அதிகாரத்தின் தரப்பில். மேடையில் இருப்பவர்களில் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்பதைத் திருடர்களின் தோற்றத்தை வைத்து அடையாளம் சொல்லும் ஒரு ஜோக்கை விகடன் அட்டையில் வெளியிட்டது. சேரன்மகாதேவித் தொகுதி உறுப்பினரான பி.எச். பாண்டியன் அப்போது பேரவைத் தலைவர். அவை உரிமை மீறலாகக் கருதப்பட்டு, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. நாடெங்கும் பத்திரிகையாளர்கள் திரண்டு எதிர்த்ததால் சில நாட்களில் அவர் விடுதலையானார். அத்துடன் விடாமல் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். கைது செல்லாது என்று தீர்ப்பாகி, 1,000 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது. தொகை சிறிது, ஆனால் சட்டமன்றத்தின் சிறப்புரிமைக்கும் எல்லை உண்டு என்பதைப் பத்திரிகைகள் சுட்டிக்காட்ட அந்தத் தீர்ப்பு உதவியது.