யாசுதான் கொலைகாரன்: கணினி விளையாட்டும் குற்றவாளியை அடையாளம் காணுதலும்

1

குற்றவாளியைக் 'கண்டுபிடித்தல்' என்று சொல்கிறோம். தொலைந்துபோன சாவியைக் கண்டுபிடிப்பது மாதிரி, அவன் ஏற்கனவே குற்றவாளியாக எங்கோ கிடக்கிறான், போய் எடுத்து வரவேண்டியதுதான் பாக்கி என்கிற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. காவல் நிலையத்தில் நடப்பது வேறு என்பது இந்த இதழைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாததல்ல. அங்கே சந்தேகம், கேள்வி, அடி, வாக்குமூலம், கையெழுத்து என்று ஒரு வரிசை உண்டு. வரிசையின் கடைசியில் ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயருக்குக் குற்றவாளி என்று பேர்.

துப்பறியும் கதை இந்த வரிசையை மறைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மேதையின் மூளையை வைத்தது. நாம் கடைசிப் பக்கம் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அவரே சொல்லிவிடுவார். கணினி விளையாட்டில் அந்தச் சவுகரியம் கிடையாது. யாரைக் கேட்பது, எதைத் தோண்டுவது, யாரைக் கைதுசெய்வது என்று விளையாடுகிறவரே உத்தரவு போட வேண்டும். வாசகர் அதிகாரியாகிவிடுகிறார்.

'பொடிப்பசங்க விளையாடுறது, இதுக்குப் போயி ஒரு கட்டுரையா?' என்று சில தோழர்கள் சலித்துக்கொள்ளலாம். பொடிப்பசங்க விளையாடுவதுதான் விஷயமே. அதிகாரம் செய்வது எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு சுகமாக, இவ்வளவு இளம் வயதில் பழக்கிக் கொடுக்கும் இன்னொரு பிரதி நம் காலத்தில் இல்லை. அந்தச் சுகத்தை நாற்பது வருடங்களுக்கு முன் ஜப்பானிய விளையாட்டு ஒன்று பாதி உடைத்தது. மீதிப் பாதியை ஏன் உடைக்க முடியவில்லை என்பதும் சேர்ந்ததுதான் இந்த வரலாறு.

2

தொடக்கம் அமெரிக்காவில். 1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் ஆப்பிள் 2 கணினிக்காக 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற விளையாட்டைச் செய்தார்கள். ஒரு வீடு, ஒவ்வொருவராக விழும் பிணங்கள், கோட்டுச் சித்திரங்கள். கொலைகாரர் யாரென்று கண்டுகொள்வதோடு நாமும் சாகாமல் தப்ப வேண்டும். 1982இல் இன்ஃபோகாம் நிறுவனத்தின் 'டெட்லைன்' வந்தது. மார்க் பிளாங்க் எழுதியது. படமே கிடையாது, வெறும் எழுத்து. பூட்டிய நூலக அறையில் ஒரு பணக்காரர் செத்துக்கிடக்கிறார். தற்கொலை என்கிறார்கள். விசாரணை அதிகாரியான நமக்கு 12 மணி நேரம். விளையாட்டுப் பெட்டிக்குள்ளேயே விசாரணை வாக்குமூலங்களின் நகல், ஆய்வக அறிக்கை, மாத்திரை என்று ஒரு வழக்குக் கட்டே இருந்தது.

டெட்லைனில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருவரைக் கைதுசெய்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, ஆனால் வழக்கு முடியாது. அதற்குப் பிறகு வழக்கு என்ன ஆனது என்று நமக்குச் சொல்லப்படும். சாட்சியம் போதாமல் பிடித்திருந்தால் வழக்கு நிற்காது, ஆள் வெளியே போய்விடுவார். அதாவது நாம் சரியான பெயரைச் சொன்னாலும் நிரூபிக்காவிட்டால் தோற்றோம். போலீஸின் நிச்சயத்துக்கு வெளியே நீதிமன்றம் என்று ஒன்று, திரையில் வராவிட்டாலும், இருக்கிறது என்று அந்த விளையாட்டு ஒத்துக்கொண்டது. பின்னால் வந்த பல விளையாட்டுகள் இந்தச் சின்ன நேர்மையைக்கூடக் கைவிட்டன.

3

1983 ஜூனில் ஜப்பானின் எனிக்ஸ் நிறுவனம் 'போர்ட்டோபியா தொடர்கொலை வழக்கு' என்ற விளையாட்டை வெளியிட்டது. கதை, படம், நிரல் எல்லாம் யூஜி ஹோரி என்ற ஒரே ஆள். 1981இல் கோபே துறைமுகத் தீவில் நடந்த போர்ட்டோபியா கண்காட்சியின் பெயர்தான் தலைப்பில். கோபே நகரில், கடன் நிறுவனம் நடத்தும் யாமாகாவா கோஸோ பூட்டிய அறைக்குள் பிணமாகக் கிடக்கிறார். நாம் துப்பறியும் அதிகாரி. நமக்கு முகமில்லை, பெயரில்லை, 'பாஸ்' என்ற அழைப்பு மட்டும்தான். நாமே எங்கும் போக மாட்டோம். யாசு என்ற உதவியாளனுக்கு உத்தரவு தட்டெழுதுவோம். அவன் போவான், பார்ப்பான், கேட்பான், வந்து சொல்வான்.

கொல்லப்பட்டவர் யார் என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். சம்பளக்காரர்களுக்குக் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுக்கும் கம்பெனிகள் ஜப்பானை ஆட்டிவைத்த காலம் அது. கடன்காரர்களின் மிரட்டலுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலிசெய்து ஓடியவர்களும், குடும்பத்தோடு செத்தவர்களும் பத்திரிகைச் செய்தியாக இருந்தார்கள். இந்தத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டமே விளையாட்டு வருவதற்கு முந்தின மாதம், 1983 மேயில்தான், வந்தது. ஆகவே கோஸோ ஏதோ ஒரு பணக்காரக் கிழவர் அல்ல. நம்மூர் பாஷையில் சொன்னால் கந்துவட்டி. முதலில் சந்தேகம் விழுவதும் அவரிடம் கடன்பட்ட ஒருவன் மேல்தான். கடன் வாங்கினவனுக்குத்தான் காரணம் இருக்கும் என்பது போலீஸ் மூளையின் முதல் கணக்கு. கடைசியில் அவனும் பிணமாகத்தான் கிடைக்கிறான்.

கொலைகாரன் யாசு. உத்தரவை நிறைவேற்றிக்கொண்டிருந்த உதவியாளனே. கோஸோவின் மோசடியில் அவன் குடும்பம் நொடித்துப்போனது. பெற்றோர் தற்கொலை செய்துகொண்டார்கள். தங்கையிடமிருந்து சின்ன வயதிலேயே பிரிக்கப்பட்டான். அந்தத் தங்கைதான் கோஸோவின் செயலாளர்.

நம் கண்ணாக இருந்தவன், காதாக இருந்தவன், நம் கையாக இருந்தவன் குற்றவாளி. சொல்கிறவனே கொலைகாரன் என்ற உத்தியை 1926இலேயே அகதா கிறிஸ்டி செய்துவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் நாவலில் வாசகர் ஏமாற்றப்பட்டவர் மட்டுமே. இங்கே யாசு செய்த விசாரணை அத்தனையும் நாம் உத்தரவிட்டது. அவன் கொண்டுவந்ததைத்தான் நாம் உண்மை என்று அடுக்கிவைத்தோம். 'நீ உலகத்தைப் பார்த்தது யார் கண்ணால்?' என்ற கேள்வியை ஒரு விளையாட்டு, அதுவும் பிள்ளைகளிடம், கேட்டுவிட்டது. 1985 நவம்பரில் ஃபாமிகாம் பதிப்பு வந்த பிறகு 'குற்றவாளி யாசு' என்பது ஜப்பானில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. விளையாடாதவர்களுக்கும் தெரியும். எந்தக் கதையின் முடிவையும் போட்டு உடைக்கிறவன் இதைச் சொல்லிச் சிரிப்பான். கேள்வி இப்படியாக ஜோக்காகிக் கரைந்துபோனது.

4

உடைத்தது பாதி என்றேன். யாசு எப்படி அடையாளம் காணப்படுகிறான் என்று பார்த்தால் மீதிப் பாதி தெரியும்.

கொலைகாரனின் தோளில் பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு மச்சம் என்று துப்பு கிடைக்கிறது. யாசுவையே சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும். கழற்றுகிறான், மச்சம் இருக்கிறது. அப்புறம் அவன் வாயாலேயே எல்லாம் வந்துவிடுகிறது. நம் பள்ளிச் சான்றிதழ்களில் 'அங்க மச்ச அடையாளங்கள்' என்று ஒரு கட்டம் உண்டே, அதேதான். உடம்பில் எழுதியிருக்கிறது, வாய் ஒப்புக்கொள்கிறது. உண்மை இருக்கும் இடங்கள் இரண்டே இரண்டு. போலீஸின் மிகப் பழைய மதநம்பிக்கை இது. 1983இல் உத்தரவை நாமே யோசித்துத் தட்டெழுத வேண்டியிருந்தது. 1985 பதிப்பில் திரையோரம் 14 கட்டளைகளின் பட்டியல் வந்துவிட்டது. கேள், காட்டு, தேடு, கைதுசெய், எதையாவது கழற்று என்று போகிற அந்தப் பட்டியலில் 'அடி' என்றும் ஒரு கட்டளை இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மெனுவில் இருக்கிற சொல் இயல்பான சொல்லாகிவிடுகிறது.

விளையாட்டு கடைக்கு வந்த அடுத்த மாதம், 1983 ஜூலை 15 அன்று, குமாமோட்டோ மாவட்டத்தில் சகாயே மெந்தா என்பவரை நீதிமன்றம் விடுவித்தது. 1948 டிசம்பர் கடைசியில் நடந்த ஒரு கொலைக்காக 1949 ஜனவரியில் பிடிபட்டவர். அந்த இரவு வேறிடத்தில் இருந்தேன் என்றதை யாரும் கேட்கவில்லை. போலீஸ் வாங்கிய வாக்குமூலம் போதுமானதாக இருந்தது. 34 வருடச் சிறை, அதில் பெரும்பகுதி ஒவ்வொரு காலையும் இன்று தூக்கா என்ற கேள்வியோடு. ஜப்பானில் மரண தண்டனை உறுதியான பிறகு மறுவிசாரணையில் விடுதலையான முதல் மனிதர் அவர். 1984இல் இருவர், 1989இல் ஒருவர் என அதே மாதிரி இன்னும் மூன்று பேர் வெளியே வந்தார்கள்.

இது 'தப்பு நடந்துவிட்டது' என்று சொல்லி முடிக்கிற கதை இல்லை. கைதான ஒருவரை, பெரும்பாலும் காவல் நிலையக் கூண்டிலேயே, குற்றப்பத்திரிகைக்கு முன்னால் 23 நாள் வரை வைத்து விசாரிக்கலாம் என்பது அங்கே ஏற்பாடு. விசாரணையின்போது பக்கத்தில் வழக்கறிஞர் இருக்க உரிமை இல்லை. வழக்குக்கு வந்துவிட்டால் தண்டனை விகிதம் 99 சதவீதத்துக்கு மேல். சதவீதத்தைப் பார்த்துத் திறமை என்கிறவர்கள் உண்டு. விளையாட்டிலும் அப்படித்தான்: முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்போது நூற்றுக்கு நூறு வாங்குவதில் என்ன ஆச்சரியம்?

இவாவோ ஹக்கமாடா. குத்துச்சண்டை வீரராக இருந்தவர், சோயாப் பசை செய்யும் ஆலைத் தொழிலாளி. 1966இல் ஆலை நிர்வாகியின் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டபோது கைதானார். மணிக்கணக்கில், நாள்கணக்கில் விசாரணை. ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் மறுத்தார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அதே ஆலையின் தொட்டிக்குள்ளிருந்து ரத்தக்கறைத் துணிகள் 'கண்டுபிடிக்கப்பட்டன'. 1968இல் மரண தண்டனை. 2014இல் வெளியே விட்டார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று ஷிசுவோகா நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்றது. அதோடு நிற்கவில்லை. அந்தத் துணிகளும் வாக்குமூலமும் விசாரணை செய்தவர்களின் புனைவு என்றது. யாரும் விளையாடாத ஆட்டத்தின் தீர்ப்பு இது. குற்றவாளி யாரென்று தெரியவில்லை, சாட்சியத்தைக் கொலை செய்தது யாரென்று தெரிந்துவிட்டது. போர்ட்டோபியா சொன்னதும் இதைத்தானே? விசாரிக்கிற கையைப் பார் என்று. ஆனால் அது அந்தக் கையை ஒரு தனி ஆளின் பழிவாங்கும் கதையாக, ஒரு மச்சமாகச் சுருக்கிக்கொண்டது. யாசு கைதானால் அமைப்பு சுத்தமாகிவிடுகிறது, 'பாஸ்' நாற்காலி காலியாகாமல் அப்படியே இருக்கிறது.

5

பின்னால் வந்தவர்கள் நாற்காலியை மாற்றிப் பார்த்தார்கள். 2001இல் காப்காம் நிறுவனத்துக்காக ஷூ தக்குமி எழுதிய விளையாட்டில் (ஆங்கிலத்தில் அது 'ஏஸ் அட்டர்னி') நாம் பிரதிவாதி தரப்பு வழக்கறிஞர். விசாரணைக்கு மூன்று நாள்தான். எதிரே 40 வருடமாகத் தோற்றதே இல்லாத அரசு வழக்கறிஞர்கூட வருகிறார். 99 சதவீதத்தின் மீதான கேலி என்று படிக்க இடமுண்டு. ஆனாலும் அதில் கட்சிக்காரரைக் காப்பாற்ற, சாட்சியம் போதாது என்று காட்டினால் மட்டும் போதாது. உண்மையான கொலைகாரரைப் பிடித்து, எல்லோர் முன்னிலையிலும் உடைந்து ஒப்புக்கொள்ளவைத்தால்தான் ஆட்டம் நகரும். வேறொரு குற்றவாளியைக் கொடு, உன் ஆளை எடுத்துக்கொள் என்ற பண்டமாற்று. சந்தேகத்தின் பலன் என்ற சொல்லுக்கு அந்த நீதிமன்றத்தில் இடமில்லை. மெந்தாவுக்கும் ஹக்கமாடாவுக்கும் இந்த வழக்கறிஞர் பயன்பட்டிருப்பாரா?

2019இன் 'டிஸ்கோ எலீசியம்' வேறு மாதிரி. எஸ்டோனியாவில் பிறந்த ஒரு கலைஞர் குழுவின் வேலை, முதன்மை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ். நினைவிழந்த குடிகாரப் போலீஸ்காரர் நாம். துறைமுகத்தில் வேலைநிறுத்தம். தொழிலாளர்களுக்கு எதிராக நிறுவனம் இறக்கிய கூலிப்படைக்காரர்களில் ஒருவன் மரத்தில் தொங்குகிறான். சங்கத்து ஆட்கள், 'நாங்க எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம்' என்கிறார்கள். ஒரு பெயரைத் தேடி வந்த போலீஸுக்குப் பன்மையில் பதில். அடையாளம் காணுதல் என்ற எந்திரம் அந்த இடத்தில் தடுக்கி விழுகிறது. கடைசியில் தெரிவது, சுட்டது எதிர்த்தீவில் பல பத்தாண்டுகளாக ஒளிந்து கிடக்கும் ஒரு கிழவர், தோற்றுப்போன புரட்சியின் பழைய படையாள். சந்தேகப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததே இல்லை. புத்தியால் அவரிடம் போய்ச்சேர வழியில்லை. ஒரு நகரத்தின் தோல்வி வரலாறே கொலைகாரராக வந்து உட்காருகிறது. புரட்சியின் மிச்சத்தை வெறுப்பும் காமமும் கொண்ட துப்பாக்கியாக மட்டும் காட்டலாமா என்று அதோடு சண்டை போடலாம், போடவும் வேண்டும். ஆனால் ஒரு மச்சத்தில் முடிகிற உண்மையை அது கொடுக்கவில்லை.

6

2023 ஏப்ரலில் ஸ்கொயர் எனிக்ஸ், போர்ட்டோபியாவையே செயற்கை நுண்ணறிவுக்கான முன்னோட்டமாக மறுபடி வெளியிட்டது. இனிப் பட்டியல் வேண்டாம், மனதில் தோன்றியதைத் தோன்றியபடி எழுதலாம், யாசு புரிந்துகொள்வான் என்றார்கள். யாசுவுக்குப் புரியவில்லை. விளையாடியவர்கள் எழுதிய பெரும்பாலானவற்றுக்கு அவன் 'ம்ம்...' என்று இழுத்துக்கொண்டிருந்தான். பலர் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே, கடைத்திருட்டு வழக்கில், முகத்தை ஒப்பிடும் மென்பொருள் கொடுத்த பொருத்தத்தை வைத்து ஒரு கறுப்பினத்தவரை அவர் மகள்களின் கண்ணெதிரே விலங்கிட்டுக் கொண்டுபோனது போலீஸ். ஆள் அவரில்லை. அங்கே உதவியாளனாக நின்றது மென்பொருள். போய்ப் பார்த்து வந்து சொன்னது அது, கைதுசெய் என்றது அதிகாரி. அதிகாரி சொல்லும் சமாதானம் என்னவாக இருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்: நான் என்ன செய்ய, அது அப்படித்தான் காட்டியது. போர்ட்டோபியா விளையாடிய ஒவ்வொரு 'பாஸ்'உம் சொல்லியிருக்கக்கூடிய அதே சமாதானம்.

அதனால் 'யார் கொலைகாரன்?' என்ற கேள்வி நம் முன் வரும்போதெல்லாம், அது திரையில் வந்தாலும் செய்தித்தாளில் வந்தாலும், அதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. பட்டியலைத் தயாரித்தது யார்? அதில் 'அடி' என்ற கட்டளை இருக்கிறதா? நம் சார்பாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறவனின் சட்டையை யாராவது கழற்றச் சொன்னார்களா? இவற்றுக்குப் பதில் வரும்வரை பெயரைச் சொல்லாமல் இருப்பது தோல்வி அல்ல. 'விசாரணையை நிறுத்து' என்பதும் அந்த 14 கட்டளைகளில் ஒன்றுதான்.