அரவிந்த் கண் மருத்துவமனை: நோக்கம்சார் தலைமை

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிக்கும் நோக்கில் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய நிறுவனம் அரவிந்த் கண் மருத்துவமனை. நோக்கத்தைச் சுவரில் எழுதிவைக்காத நிறுவனம் ஏது? இங்கே அது வேலைமுறைக்குள் இறங்கியது. அறுவை அரங்கில் ஒரு மேசையில் கண்புரை நீக்கப்படும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார்; மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தொடர்வார். ஆயத்த வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் செலுத்துவோரால் வரும் வருவாய் இலவச சிகிச்சையைத் தாங்குகிறது. இறக்குமதியான உள்விழி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், அதைத் தயாரிக்க 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனம் உருவானது.

இதெல்லாம் தேர்ந்த நிர்வாகச் சிக்கனம்தான், நோக்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால், கட்டணப் பிரிவா இலவசப் பிரிவா என்பதை வருமானச் சான்று கேட்காமல் நோயாளியிடமே விட்டுவிடுவதைச் சிக்கனம் விளக்காது. தன் செயல்முறையைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையும் விளக்காது. மக்களின் நம்பிக்கை இத்தகைய முடிவுகளால் வளர்ந்தது எனலாம். நிறுவனரோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற ஐயமும் பலிக்கவில்லை: அவர் 2006-இல் மறைந்த பிறகும் நிறுவனம் வளர்ந்தது; அதன் சென்னை மருத்துவமனை 2017-இல் திறக்கப்பட்டது. எனினும் தலைமைப் பொறுப்புகள் பெரும்பாலும் அவர் குடும்பத்தாரிடமே இருந்துவந்துள்ளன. குடும்பத்துக்கு வெளியே இந்த நோக்கம் அதே வலுவோடு கைமாறுமா என்பதற்கு 2006-க்குப் பிந்தைய வளர்ச்சி விடையாகாது.