மீனவர் டோல்ரனும் 155 தமிழரும்



நம்மவரின் கடலோடும் வரலாறு என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது அன்னபூரணியைத்தான். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட பாய்க்கப்பல் அது. வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதைச் செலுத்திக்கொண்டுபோய், 1938 ஓகஸ்ட் மாதம் அத்திலாந்திக்கின் அக்கரையிலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். விழா மேடைகளில் இதைப் பெருமையோடு சொல்கிறோம்.

அதே கடலின் அதே கரைப்பக்கம், 48 ஆண்டுகள் கழித்து, இன்னொரு கூட்டம் தமிழர் போய்ச் சேர்ந்தார்கள். அதை நாம் அவ்வளவாக மேடையில் சொல்வதில்லை. இந்த மாதம் அதைப் பற்றிப் பேசலாம்.

1986 ஓகஸ்ட் 11. கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூபவுண்லாந்துத் தீவு. கஸ் டோல்ரன் என்ற மீனவர், 'அத்திலாந்திக் றீப்பர்' என்ற தன் படகில் தொழிலுக்குப் போயிருந்தார். கடலில் பனிமூட்டம். அதற்குள் ஓர் உயிர்காப்புப் படகு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டிலும் நெருக்கியடித்துக்கொண்டு 155 ஈழத்தமிழர். மூன்று நாட்களாக மிதந்துகொண்டிருந்தவர்கள்.

டோல்ரனுக்கு அவர்கள் யாரென்று தெரியாது. எந்த நாடு, ஏன் வந்தார்கள் என்றும் தெரியாது. தன் படகில் ஏற்றினார். வேலையாட்களுக்கென்று வைத்திருந்த சாப்பாட்டையும் தண்ணீரையும் கொடுத்தார். வானொலிக் கருவியில் மற்றப் படகுகளையும் அதிகாரிகளையும் கூப்பிட்டார். கடலில் தத்தளிப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்பது கடற்சட்டம்தான். ஆனால் பனிமூட்டத்துக்குள் சட்டம் பார்க்க யாரும் நிற்கவில்லை. அவர் பெரிய வசதிக்காரரும் அல்ல. அந்தக் கரையோர மக்கள் கொட் மீனை நம்பி வாழ்ந்தவர்கள். 1992இல் அந்த மீன்பிடிக்கே தடை வந்து, பல்லாயிரம் பேர் தொழில் இழந்தார்கள்.

இனித்தான் நாம் சொல்லத் தயங்கும் பகுதி வருகிறது.

இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். அது பொய். மேற்கு ஜேர்மனியிலிருந்து 'ஔறிகே' என்ற சரக்குக் கப்பலில் வந்திருந்தார்கள். ஏஜென்சிக்குப் பெருந்தொகை கட்டியிருந்தார்கள். கப்டன் அவர்களை நடுக்கடலில் படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். சில நாட்களில் உண்மை வெளியே வந்தது. கனடாவில் பலர் கொதித்தார்கள்.

ஏன் பொய் சொன்னார்கள்? அந்தக் காலத்தில் ஜேர்மனிக்கு வந்த நம்மவர்களுக்கு விடை தெரியும். கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் நுழைவது அன்றைய வழி. 1985இல் கிழக்கு ஜேர்மனி அதை அடைத்தது. முன்பே வந்து சேர்ந்தவர்களுக்கும் வேலை செய்ய அனுமதியில்லை. விரும்பிய ஊருக்குப் போகவும் முடியாது. உண்மையைச் சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார்கள்.

அப்போதைய பிரதமர் பிரையன் மல்ரோனி, உயிர்காப்புப் படகில் வருபவர்களைத் திருப்பி அனுப்பப்போவதில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். ஒரு வருடம் தங்கி வேலை செய்ய அனுமதி கிடைத்தது. பெரும்பாலானோர் மொன்றியலிலும் ரொறொன்ரோவிலும் குடியேறினார்கள். 2016இல், முப்பது ஆண்டு நிறைவில், அவர்களில் சிலர் நியூபவுண்லாந்துக்குத் திரும்பிப் போய் டோல்ரனைச் சந்தித்து நன்றி சொன்னார்கள்.

கணக்கு எழுதுவது என் தொழில். வரவையும் செலவையும் ஒரே புத்தகத்தில் எழுதாவிட்டால் கணக்கு சரிவராது. இந்தக் கதையிலும் டோல்ரனின் நன்மையை மட்டும் எழுதி, நம்மவர் சொன்ன பொய்யை விட்டுவிட முடியாது. அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று விசாரிக்க அரசாங்கத்துக்குப் பிறகு நேரமிருந்தது. டோல்ரன் அதற்காகக் காத்திருந்தால் விசாரிக்க ஆட்களே இருந்திருக்கமாட்டார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? 2015இல் லா சப்பல் மெற்றோப் பாலத்தின் கீழ் சூடான், எரித்திரியா நாட்டவர்கள் கூடாரம் அடித்திருந்தது நினைவிருக்கும். நாம் சாமான் வாங்கப் போகும் அதே வழி. ஜூன் மாதம் பொலிசார் கூடாரங்களை அகற்றினார்கள். "இவங்கள் எல்லாம் பொய்க் கேஸ்" என்று அன்று நம்மவர் வாயாலேயே கேட்டேன். நானும் மறுத்துப் பேசவில்லை. கையில் மரக்கறிப் பையோடு கடந்து போய்விட்டேன். அவர்களுடைய கேஸ் உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது தண்ணீரும் சாப்பாடும்.

"அப்பா, நீங்கள் எப்படி வந்தீர்கள்?" என்று கார்ஜில் வளரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பாதிக் கதை சொல்லிச் சமாளிக்காதீர்கள். பயத்தையும், சொன்ன பொய்யையும், வழியில் கைகொடுத்த முகம் தெரியாத ஒருவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். முழுக்கதையும் கேட்ட பிள்ளை, மெற்றோப் பாலத்தின் கீழ் ஒருவரைக் கண்டால் என்னைப் போலக் கடந்து போகாது என்று நம்புகிறேன்.