‘ஏனென்றால்’ எழுதக் கற்ற வரலாறு



விழா மலரில் வரலாறு என்றால் மன்னர்கள் கதையோ தலைவர்கள் கதையோ வரும் என்று நினைப்பீர்கள். இங்கே நாம் பார்க்கப் போவது சில சின்னஞ்சிறு சொற்களின் கதை. ஏனென்றால், ஆகையால், இருந்தாலும் - இவைதாம் அவை. சொல் சிறியதுதான்; அதை எழுதப் பழக நம் பிள்ளைகளுக்குப் பல காலம் ஆகியிருக்கிறது.

நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவரின் கட்டுரை ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். “மழை பெய்தது. அப்பா வேலைக்குப் போகவில்லை. அம்மா கவலைப்பட்டார்.” எழுத்துப் பிழை இல்லை. ஆனால் மூன்று வாக்கியமும் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனியே நிற்கின்றன. அதே பிள்ளை வீட்டில் பேசும்போது கேளுங்கள்: “மழ பேஞ்சு மரமெல்லாம் ஈரமா இருந்ததால அப்பா வெட்டப் போகல. சம்பளம் கொறையுமேன்னு அம்மா கவலப்பட்டாங்க.” வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை! இது ஏன்? வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

நம் மொழியில் இணைப்பு

தமிழில் இரண்டு கருத்தை இணைப்பது பெரும்பாலும் வினைச்சொல்லின் வால்தான். பெய்து, பெய்தால், பெய்ததால், பெய்தாலும் என்று வால் மாறினால் பொருள் மாறும். இதை நம் முன்னோர் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தில் இடைச்சொல்லுக்கென்றே ‘இடையியல்’ என்று தனி இயல் இருக்கிறது. ‘உம்’ என்ற ஓரசைக்கு எட்டுப் பொருள் உண்டு என்று அது வகுத்துக் காட்டுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலும் அப்படியே கூறுகிறது.

ஓலைச்சுவடியில் காற்புள்ளியும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. வாக்கியம் எங்கே தொடர்கிறது, எங்கே முடிகிறது என்பதை எச்சமும் முற்றும்தான் காட்டின. அச்சு வந்த பிறகு நிலைமை மாறியது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) சிறுவர்களுக்காகப் பாலபாடங்கள் எழுதி அச்சிட்டார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாகப் பயன்படுத்தினார். பள்ளிப் பிள்ளை தானே படித்துப் புரிந்துகொள்ளும் உரைநடைக்கு அப்படி வழி பிறந்தது.

தோட்டத்துப் பள்ளியில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பையே மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் என்கிறோம். ரப்பர் தோட்டங்கள் பெருகிய பின்னர், 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு ஒரு கடமையை விதித்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்பதே அது.

பள்ளி வந்தது. எப்படிப்பட்ட பள்ளி? பல இடங்களில் ஒரு கொட்டகை, இல்லையென்றால் லயத்தில் ஓர் அறை. வாத்தியார் யார்? எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ, ஒரு தொழிலாளியோதான். ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடக்கும். அரிச்சுவடி, மனப்பாடம், வாய்ப்பாடு. பிள்ளை பேர் எழுதக் கற்றது, கடிதம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது. சொந்தமாக நாலு வரி எழுதும் பயிற்சிக்கு அங்கே நேரமும் இல்லை, ஆளும் இல்லை. அந்த வாத்தியார்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் ஏற்றிய விளக்கில்தான் நாம் இன்று படிக்கிறோம்.

ஆனால் அந்தக் குறையின் விலையைத் தொழிலாளிதான் கொடுத்தார். ஒரு மனுவை நினைத்துப் பாருங்கள். “எனக்கு உடம்பு முடியாததால் மூன்று நாள் வேலைக்கு வர இயலவில்லை, ஆகையால் என் பெயரை வெட்டாமல் இருக்க வேண்டுகிறேன்.” இதில் ‘ஆல்’, ‘ஆகையால்’ என்ற இரண்டையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? “உடம்பு முடியவில்லை. வேலைக்கு வரவில்லை. பெயரை வெட்டாதீர்கள்.” நியாயம் போய்விட்டது, கெஞ்சல்தான் நிற்கிறது! காரணத்தைக் கோவையாக எழுதத் தெரியாதவர் தம் நியாயத்தை எழுத இன்னொருவர் கையை எதிர்பார்த்தே நிற்க வேண்டியிருந்தது.

பாடத்திட்டம் வந்தது

1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்குப் பின் தமிழ்ப்பள்ளிகளும் நாட்டின் பொதுப் பாடத்திட்டத்துக்குள் வந்தன. 1950-களில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ நடத்திய மாணவர் மணிமன்றம் பிள்ளைகளைச் சொந்தமாக எழுதத் தூண்டியது. 1983-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் அடிப்படையாக வைத்தது. 1988 முதல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது, அது 2021-இல் நீக்கப்பட்டது. இணைப்புச் சொற்கள் பாடமாகவே ஆகிவிட்டன.

இங்கேதான் ஒரு புதுச் சிக்கல். கோடிட்ட இடத்தில் ‘ஆகவே’, ‘எனினும்’ என்று சரியாக நிரப்பும் பிள்ளை, கட்டுரை எழுதும்போது வரிக்கு வரி ‘ஆகவே’ போடுகிறது. காரணம் இல்லாத இடத்திலும் ‘ஆகவே’! சமையலில் உப்பு வேண்டும் என்பதற்காகப் பாயசத்திலும் போடலாமா?

இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகள் மூன்று மொழி படிக்கிறார்கள். மலாயில் “சாயா தீடாக் டாத்தாங் கெரானா ஹூஜான்” என்று விளைவை முதலில் சொல்லிக் காரணத்தைப் பின்னால் வைக்கலாம். அதே அடியில், “நான் வரவில்லை ஏனென்றால் மழை” என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். “மழை பெய்ததால் நான் வரவில்லை” என்பதே நம் இயல்பான நடை. ‘ஏனென்றால்’ போட்டே ஆக வேண்டுமானால், “நான் வரவில்லை. ஏனென்றால், மழை பெய்தது” என்று பின்வரும் வாக்கியத்தையும் முடித்து எழுத வேண்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

“நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்ன தெரியும்?” என்று சொல்லாதீர்கள். இந்தப் பாடத்துக்கு உங்கள் பேச்சே போதும். பிள்ளை ஒரு செய்தி சொன்னால், “ஏம்பா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அது சொல்லும் பதிலை அப்படியே எழுதச் சொல்லுங்கள். பிறகு பேச்சை எழுத்து நடைக்கு மாற்றட்டும்: ‘பேஞ்சதால’ என்பது ‘பெய்ததால்’ ஆகட்டும்.

மாணவர்களே, நீங்கள் ஒரே வினையை நான்கு விதமாக இணைத்துப் பாருங்கள்:

மழை பெய்ததால் மரம் வெட்டவில்லை. (காரணம்)
மழை பெய்தால் மரம் வெட்ட மாட்டார்கள். (நிபந்தனை)
மழை பெய்தாலும் பள்ளிக்குப் போவேன். (தடையை மீறுதல்)
மழை பெய்தபோது நாங்கள் வகுப்பில் இருந்தோம். (காலம்)

மழை ஒன்றுதான். வால் மாறியதும் எண்ணம் மாறிவிட்டது, பார்த்தீர்களா? பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டு வழியே மங்குக்குப் போகாமல் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். இது உங்கள் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் தெரிந்த அறிவு. அதைக் காரணத்தோடு கோவையாக எழுதினால் அதுவே நல்ல கட்டுரை.

‘ஏனென்றால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: ஏன் + என்றால். “ஏன் என்று கேட்டால்” என்பதே அதன் பொருள். ஏன் என்று கேட்கத் தெரிந்தவரே அந்தச் சொல்லைச் சரியாக எழுத முடியும். நம் பாட்டன்மார் தங்கள் நியாயத்தைச் சொல்லக் கிராணியின் பேனாவைத் தேடிப் போனார்கள். இன்று பேனா நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. பரிசு வாங்கும் பிள்ளையும் வாங்காத பிள்ளையும் அந்தப் பேனாவால் காரணத்தை எழுதப் பழகட்டும்!

வளர்க தமிழ்ப்பள்ளி! வாழ்க நம் மாணவச் செல்வங்கள்!