மான்டரே விரிகுடாவின் கணவாய்க் கருவாடு

கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஒரு காலத்தில் பகல் கடல் ஒருவருக்கு, இரவுக் கடல் இன்னொருவருக்கு என்றிருந்தது.

1850களில் தென்சீனாவிலிருந்து வந்த குடும்பங்கள் பாயிண்ட் அலோன்ஸ் என்ற பாறைக்கரையில் குடியேறின. முதலில் அபலோன் என்னும் கடல்நத்தை எடுத்தார்கள், பிறகு மீன்பிடித்தார்கள். இத்தாலிய, போர்த்துகீசிய மீனவர்களும் வந்து சேர்ந்தார்கள். ரயில் பாதை வந்து, சான் பிரான்சிஸ்கோவுக்குப் பச்சை மீன் அனுப்ப முடிந்ததும் போட்டி முற்றியது. சீனர்களின் வலைகள் அறுக்கப்பட்டன. அவர்கள் பகல் கடலை விட்டு விலகி, மற்றவர்கள் சீண்டாத ஊசிக்கணவாயின் பக்கம் போனார்கள்.

முட்டையிடுவதற்காகக் கரையோரம் வரும் கணவாய், இருட்டில் வெளிச்சத்தைக் கண்டால் மேலே எழும்பும். படகோரம் கம்பிக்கூடை கட்டி, அதில் பிசின் நிறைந்த பைன் விறகை எரிப்பார்கள். திரளும் கணவாயை மற்றப் படகுகள் வலைபோட்டு வளைக்கும். விடிந்ததும் பிடிபட்டதெல்லாம் வெயிலில் காயும்.

மான்டரேயின் வெள்ளையர் கணவாயைச் சாப்பாட்டுப் பொருளாகவே பெரும்பாலும் மதிக்கவில்லை. தென்சீனாவிலோ கணவாய்க் கருவாடு சூப்புக்கும் குழம்புக்கும் ருசி சேர்க்கும் பண்டம். காய்ந்த பிறகு எடை குறைந்துவிடும், ஐஸும் வேண்டாம். வாரக்கணக்கில் கப்பலில் கிடந்தாலும் கெடாது. உள்ளூரில் விலைபோகாத சரக்கு பசிபிக்கைக் கடந்ததும் காசானது இப்படித்தான்.

அந்தக் கருவாட்டு வாடைதான் அவர்களுக்கு வினையானது. 1880-இல் டெல் மான்டே என்ற சொகுசு ஹோட்டல் திறக்கப்பட்டு, மான்டரே சுற்றுலா ஊராக மாறியது. நாற்றம் தாங்கவில்லை என்ற புகார்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின. சீனர் குடியிருப்பு நின்ற நிலமும் அந்த ஹோட்டலைக் கட்டிய பசிபிக் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனிக்கே சொந்தம். 1906 மே 16 அன்று மூண்ட தீயில் குடியிருப்பின் பெரும்பகுதி சாம்பலானது. திரும்பக் கட்டிக்கொள்ள கம்பெனி அனுமதிக்கவில்லை. இன்று அங்கே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது.

கணவாய்த் தொழில் பிறகு சிசிலியக் குடும்பங்களின் கைக்குப் போனது. விறகுத் தீ இருந்த இடத்தில் மின்விளக்கு வந்தது. ஒரு படகு 30,000 வாட்டுக்கு மேல் விளக்கு எரிக்கக் கூடாது என்று இப்போது சட்டமே இருக்கிறது. ஒரு பருவத்துக்கு 1,18,000 ஷார்ட் டன் வரை பிடிக்கலாம். கலிபோர்னியாவின் மிகப் பெரிய மீன்பிடித் தொழில்களில் இதுவும் ஒன்று.

பிடிபடும் கணவாயில் பெரும்பங்கு உறைந்த கட்டிகளாக வெளிநாட்டுக்குப் போகிறது, முக்கியமாகச் சீனாவுக்கு. அங்கே சுத்தம் செய்து நறுக்கிய கணவாயில் ஒரு பகுதி அமெரிக்காவுக்கே திரும்பி வந்து, ‘காலமாரி’ என்று உணவகங்களில் நல்ல விலைக்குப் பரிமாறப்படுகிறது. 2018-இல் வர்த்தகப் போர் மூண்டபோது அமெரிக்கக் கடலுணவுக்குச் சீனா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. கணவாயும் அதில் அகப்பட்டது. நாற்றம் என்று சீனரின் தொழிலை வெறுத்த கரையில், இன்றும் கணவாயின் விலையைப் பெருமளவு தீர்மானிப்பது சீனச் சந்தைதான்.