வழி தேடிப் போகும் நரம்பு

டெலிபோன் இலாகாவில் 32 வருஷம் இருந்தேன். கேபிள் அறுந்தால் குழிக்குள் உட்கார்ந்து, நிறம் பார்த்து ஒவ்வொரு கம்பியாக ஜோடி சேர்ப்போம். ஒன்று மாறினாலும் டாக்டர் வீட்டு மணி அரிசிக்கடையில் அடிக்கும்.

என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் கம்பத்திலிருந்து விழுந்து, முதுகுத்தண்டு அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்கப் போனால் கேட்பார்: "ஏம்ப்பா, எத்தனை கேபிளை ஒட்டியிருக்கோம்! இதை ஒட்ட ஒரு ஜாயிண்டர் இல்லையா?"

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. ரிட்டயர் ஆன பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

உடம்பில் நரம்பை இணைக்கத் தனியாக ஆள் கிடையாது. கருவிலேயே ஒவ்வொரு நரம்பிழையும் தானே வழி தேடிப் போகிறது. இதை முதலில் கண்டுகொண்டவர் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால். நரம்பெல்லாம் ஒரே வலைப்பின்னல் என்று இத்தாலியின் கோல்ஜி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தையே எடுத்துக் கோழிக்கருவில் ஏற்றிப் பார்த்தார் கஹால். 1890-ல், வளரும் இழையின் நுனியில் கூம்பு போன்ற ஒரு வீக்கத்தைக் கண்டார். வழியை முட்டித் திறந்துகொண்டு போவது இதுதான் என்றார். ஏதோ ரசாயனம் அதை ஈர்க்கிறது என்றும் ஊகித்தார். 1906-ல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கிடைத்தது. அந்த மேடையிலும் கோல்ஜி தன் கட்சியை விடவில்லை!

கஹால் பார்த்தது உயிரில்லாத துண்டுகளை. 1907-ல் அமெரிக்காவில் ராஸ் ஹாரிசன், தவளைக்கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியில் வைத்து, இழை ஊர்ந்து வளர்வதை உயிரோடு கண்ணால் பார்த்தார்.

போகுமிடம் அதற்குத் தெரியுமா? 1940-களில் ரோஜர் ஸ்பெர்ரி, பல்லி போலிருக்கும் நியூட் என்ற பிராணியின் கண் நரம்பை வெட்டி, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மறுபடி வளர்ந்தது. ஆனால் இரையை மேலே காட்டினால் அது கீழே பாய்ந்தது. கடைசிவரை திருத்திக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு இழையும் மூளையில் தன் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பழக்கத்தால் இணைப்பு சரியாகிவிடும் என்ற, அவருடைய ஆசிரியர் பால் வைஸின் கருத்து இதனால் ஆட்டம் கண்டது.

இழையை ஈர்க்கும் ஒரு புரதம் 1994-ல் கோழிக்கருவின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பெயர் நெட்ரின். வழிநடத்துபவர் என்ற பொருளுள்ள சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வைத்தார்கள். 'நேதாஜி' என்கிறோமே, அதே வேர். இழைகளை விரட்டும் புரதங்களும் உண்டு. இழுப்பதும் விரட்டுவதும் சேர்ந்துதான் பாதை.

நியூட்டுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை? வளர்ந்த மனிதனின் தண்டுவடத்தில் அறுந்த இழை கொஞ்சம் துளிர்த்து நின்றுவிடுகிறது. காயத் தழும்பும், நரம்பு உறையிலுள்ள சில பொருள்களும் அதைத் தடுக்கின்றன. அந்தத் தடையை நீக்கத்தான் இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது.

அண்ணன் இப்போது இல்லை. இருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன்: "ஜாயிண்டர் தேவையில்லை அண்ணே, கம்பிக்கே வழி தெரியும். வழியில் விழுந்த மண்ணை அள்ளத்தான் இன்னும் ஆள் வரவில்லை."